ஆயாவின் பிறந்தநாளையும் கொள்ளுத்தாத்தாவின் பிறந்தநாளையும் எப்படி உறுதிசெய்வது?

கேள்வி
எழுதியவர்: சாட்ஸ்வர்த் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தார் தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீனிக்ஸ், துங்காட், ஜோகன்னஸ்பர்க் என்று பல ஊர்களில் பிரிந்து வாழ்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது மூத்தவர்களை எல்லோரும் ஒன்றாக நினைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், அவர்களுடைய பிறந்தநாட்களைக் குறித்த நாள்காட்டி ஒன்றை அச்சிட முடிவு செய்திருக்கிறோம். என் தலைமுறைக்கும் அப்பாவின் தலைமுறைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. அதற்கு முந்தையவர்களிடம் வரும்போதுதான் பணி நின்றுவிடுகிறது.

அப்பாவைப் பெற்ற ஆயா, டர்பன் அமைந்த நேட்டால் பகுதியின் வடகடற்கரைக் கரும்புத் தோட்டம் ஒன்றின் லயத்தில் (கூலிகள் குடியிருப்பில்) பிறந்தவர், 1984இல் காலமானார். அவருடைய அடையாளப் புத்தகத்தில் உள்ள எண் 050410 என்று தொடங்குவதால், அரசாங்கக் கணக்குப்படி அவர் பிறந்தது 1905 ஏப்ரல் 10. கல்லறையில் 1906 என்று ஆண்டு மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஆயாவே எங்கள் அத்தைகளிடம் பலமுறை சொன்னது, “நான் குரோதி வருஷம் மாசி மகத்தன்று பிறந்தவள்” என்பதே. மாசி மகத்தன்று அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, பாயசம் வைத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பாராம். மூன்றில் எதை நாள்காட்டியில் இடுவது?

ஆயாவின் தந்தையைப் பற்றித் தெரிந்தது இன்னும் குறைவு. கிரிமிட்டில், அதாவது ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர், தமிழ்நாட்டுப் போளூர்ப் பக்கத்துக்காரர், முதலில் வேலை செய்த தோட்டம் இன்னது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. கப்பல் பெயரும் தெரியாது, குடியேற்ற நம்பரும் தெரியாது. பிறந்தநாள் கிடைக்காவிட்டால் நவம்பர் 16ஐ அவருக்கு வைத்துவிடலாம் என்று சித்தப்பா பிள்ளைகள் சொல்கிறார்கள். 1860இல் கிரிமிட்டுக்காரர்களோடு முதல் கப்பல் வந்த நாள் என்பதால் பொருத்தமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

மேலும், இறந்தவர்களுக்குத் திதி கொடுப்பதுதான் நம் முறை, பிறந்தநாள் கொண்டாடுவது முறையன்று என்று பெரியம்மா வருத்தப்படுகிறார். அவர் மனமும் நோகாமல் இதைச் செய்ய வேண்டும். தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்

வணக்கம் அம்மா. நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வகையான மனிதர்களைப் பற்றி. உங்கள் கொள்ளுத்தாத்தா ஊரில் பிறந்து கப்பலில் வந்தவர். ஆயாவோ இந்த மண்ணில் பிறந்தவர். இவர்களுக்கான ஆவணங்கள் முற்றிலும் வெவ்வேறானவை என்பதால் தனித்தனியாகத் தேடுவதே நல்லது. அதிலும் ஆயாவிலிருந்து தொடங்குங்கள். அவருடைய தாளே அவர் தந்தையிடம் உங்களைக் கொண்டு சேர்க்கக்கூடும்.

அடையாளப் புத்தகத்தில் உள்ள தேதி பிற்காலத்தில் வேறொரு தாளிலிருந்து எடுத்து எழுதப்பட்டது. அந்தத் தாளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். உள்துறை அலுவலகத்தில் சாதாரணப் பிறப்புச் சான்றிதழைக் கேட்காமல், “வால்ட் காப்பி” என்று சொல்லிக் கேளுங்கள். அது முதன்முதலில் கையால் நிரப்பப்பட்ட பிறப்புப் பதிவுப் படிவத்தின் நகல். கணினியில் அச்சிட்டுத் தரும் சான்றிதழில் தேதி ஒன்று மட்டும் இருக்கும். பழைய படிவத்திலோ பிறந்த தேதி ஓரிடத்திலும், பதிவு செய்த தேதி வேறோரிடத்திலும், தகவல் சொன்னவரின் கையெழுத்தோ கட்டைவிரல் ரேகையோ கீழேயும் இருக்கும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பிறந்து சில நாட்களுக்குள் பதிந்திருந்தால் அந்தத் தேதியை நம்பலாம். பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பதிந்திருந்தால், அது எழுத்தர் கேட்டுத் தகப்பன் நினைவிலிருந்து சொன்ன தேதி. சில படிவங்களில் இரண்டு இடத்திலும் ஒரே தேதி இருக்கும். அங்கே பதிவு நாளையே பிறந்த நாளாக எழுதிவிட்டார்களோ என்று ஐயப்படத்தான் வேண்டும்.

கிரிமிட்டில் வந்தவர்களின் பிறப்பு, இறப்பு, திருமணங்கள் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதியப்பட்டன. பிள்ளையின் பெயரோடு தாய் தந்தையரின் குடியேற்ற எண்ணும் அப்பதிவுகளில் குறிக்கப்படுவது உண்டு. அந்த எண் கிடைத்துவிட்டால் கொள்ளுத்தாத்தாவின் கதவு திறந்துவிடும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் வரிசையாக எண் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் பட்டியல்களின் மூல ஏடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய பட்டியலை வெஸ்ட்வில்லில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் வைத்திருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், கப்பல், வந்து சேர்ந்த நாள், அனுப்பப்பட்ட தோட்டம் என்று ஒரே வரியில் ஒரு மனிதரின் வரலாறு அங்கே இருக்கும். “இடது கெண்டைக்காலில் தழும்பு” என்பது போன்ற குறிப்பைப் படிக்கும்போது, நிழற்படம் ஒன்றுகூட இல்லாத ஒருவர் நம் எதிரே வந்து நிற்பது போல் இருக்கும்.

ஆனால் அந்த வரியில் பிறந்தநாள் இராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வயது மட்டும்தான் இருக்கும். அதுவும் சென்னைத் துறைமுகக் கிடங்கில் ஆளைப் பார்த்தோ, அவர் வாய்மொழியைக் கேட்டோ எழுதிய மதிப்பு. 22 என்று இருந்தால் 18ஆகவும் இருக்கலாம், 27ஆகவும் இருக்கலாம். ஊரில் பிறப்புப் பதிவேடு தேடலாமே என்று சிலர் கேட்பார்கள். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல்தான் வந்தது. அதற்கு முன் 1886இல் வந்த இந்தியச் சட்டம் விரும்பியவர் பதிந்துகொள்வதற்கானது. 1870களில் போளூர்த் தாலுகாவில் பிறந்த ஓர் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அரசு ஏட்டில் பிறந்தநாள் இருக்கும் என்று நம்பிப் பயணச்சீட்டு வாங்காதீர்கள். ஊரையும் உறவையும் காண்பதற்காகப் போவதென்றால் தாராளமாகப் போய் வாருங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1895ஆம் ஆண்டுச் சட்டம் கிரிமிட்டு முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதித்தது. 1903இல் அந்த வரி 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது, 1914இல்தான் ஒழிந்தது. மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கும் கூலியை வைத்துக்கொண்டு இதைக் கட்ட வேண்டியிருந்த தகப்பனுக்கு, மகளின் வயதை ஓரிரண்டு குறைத்துச் சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. உங்கள் ஆயாவுக்கு இது பொருந்தாது; வரி நீங்கியபோது அவருக்கு ஒன்பது வயதுதான். ஆனால் அவருடைய அக்காமார், அண்ணன்மார் வயதுகளில் முரண் தென்பட்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கல்லறையில் உள்ள ஆண்டுக்கு நான் மிகக் குறைந்த மதிப்பே தருவேன். அது துக்க வீட்டில் யாரோ ஒருவர் சொல்லிக் கல்தச்சர் வெட்டியது. அதைக் காட்டிலும் இறந்தவரின் சொத்துக் கோப்பில் உள்ள மரண அறிவிப்புப் படிவம் மேலானது. வயது ஆண்டும் மாதமுமாக, பிறந்த இடம், பெற்றோர் பெயர் எல்லாம் அதில் கேட்கப்பட்டிருக்கும். பழைய கோப்புகள் பல இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. நேரில் வர இயலாவிட்டால் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் கோப்பு எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையத்தளத்திலும் நேட்டால் பதிவுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம்.


பதில் 2
எழுதியவர்: வெருலம் அண்ணன்

தங்கைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நவம்பர் 16ஐ உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வைக்காதீர்கள். அது சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்திறங்கிய 342 பேரின் நாள். உங்கள் கொள்ளுத்தாத்தா வந்திறங்கிய நாள் வேறு. அவர் கடல் கடந்து பட்ட பாட்டுக்கு அவருக்கென்று ஒரு நாள் இருக்கிறது, அது ஏட்டில் எழுதியும் இருக்கிறது. பிறந்தநாள் கிடைக்காதவருக்கு நாமாக ஒரு நாளை வைத்துவிட்டால், இன்னும் இருபது ஆண்டு கழித்து நம் பிள்ளைகள் அதையே உண்மை என்று எடுத்து அடுத்த ஏட்டில் எழுதுவார்கள். இணையத்தில் குடும்ப மரம் வரைகிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் படியெடுக்கிறார்கள். தவறான தேதி ஒன்று நுழைந்துவிட்டால் பிறகு அதைப் பிடுங்கி எறிய முடிவதில்லை.

எங்கள் வீட்டில் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கிய நாளைத்தான் வைத்திருக்கிறோம். நாள்காட்டியில் “பிறந்தநாள்” என்று போடாமல் “வந்திறங்கிய நாள்” என்றே அச்சிட்டிருக்கிறோம். அன்று பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவருடைய கப்பல் பெயரையும், ஊர்ப் பெயரையும், நம்பரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறோம். ஏழு வயதுப் பேரன்கூடத் தடங்கலில்லாமல் சொல்கிறான்.


பதில் 3
எழுதியவர்: இசிபிங்கோ கோயில் தொண்டன்

வணக்கம். ஆயாவின் வாய்மொழியை நீங்கள் மூன்றில் ஒன்றாக எண்ணுகிறீர்கள். நான் அதை முதலாவதாக வைப்பேன். எழுத்தறியாத தாய்மாரிடம் வருடத்தின் பெயர், மாதம், நட்சத்திரம் மூன்றும் சேர்ந்து நினைவில் இருந்தால், பிள்ளை பிறந்தபோது பஞ்சாங்கம் தெரிந்த ஒருவர் அருகில் இருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். அவர் சொன்ன நாளைச் சரிபார்க்கவும் முடியும்.

குரோதி அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1844, 1904, 1964, 2024 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் அது பிறந்தது. ஆயாவுக்குப் பொருந்துவது 1904 சித்திரை முதல் 1905 பங்குனி வரை உள்ள குரோதி மட்டுமே. அதில் மாசி மாதம் 1905 பிப்ரவரியில் தொடங்குகிறது. அம்மாதத்துப் பௌர்ணமி பிப்ரவரி 19. மக நட்சத்திரமும் அதை ஒட்டியே நின்றது. ஆகவே ஆயா பிறந்தது 1905 பிப்ரவரி 19 என்று கொள்ளலாம். பின்னிரவிலோ விடியலிலோ பிறந்திருந்தால் 20. கல்லறையில் உள்ள 1906ஐ எடுத்துக்கொண்டால் அந்த மாசி விசுவாவசு வருடத்தில் சேர்ந்துவிடும், ஆயா சொன்ன வருடத்தோடு ஒட்டாது.

இனி ஏப்ரல் 10ஐப் பாருங்கள். அதுவும் குரோதி வருடத்துக்குள்தான் வருகிறது, பங்குனியின் கடைசி நாட்கள். அமாவாசை கழிந்து ஒரு வாரம்கூட ஆகாத வளர்பிறை அது. அன்று மக நட்சத்திரம் இருக்க வழியில்லை. ஆயா சொன்ன நாளுக்கும் ஏட்டில் உள்ள நாளுக்கும் இடையே ஐம்பது நாட்கள். ஆசிரியர் ஐயா சொன்னதுபோல, தோட்டத்திலிருந்து தகப்பனுக்கு விடுப்புக் கிடைத்து அவர் போய்ப் பதிந்த நாளாக அது இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வால்ட் காப்பி வந்தால் தெரிந்துவிடும்.

பெரியம்மாவின் கவலைக்கும் பதில் இருக்கிறது. பெற்றோருக்குத் திதி கொடுப்பது கடமை. அதை யாரும் விட வேண்டியதில்லை. இறந்த திதி தெரியாதவர்களுக்காகவே புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசை இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவுக்கு அன்று எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம். ஆனால் மறைந்தவர் பிறந்த நாளை நினைப்பதும் நம்மிடம் இல்லாத வழக்கமன்று. நம்மாழ்வாருக்கு வைகாசி விசாகம், ஆண்டாளுக்கு ஆடிப்பூரம் என்று அவதரித்த நட்சத்திரத்தைக் கொண்டாடுகிறோம். நாயன்மார்களுக்கு இறைவனடி சேர்ந்த நட்சத்திரத்தில் குருபூஜை செய்கிறோம். அப்பருக்குச் சித்திரைச் சதயம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி. அவர்கள் எந்த ஆண்டில் பிறந்தார்கள் என்று புலவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்க, மாதமும் நட்சத்திரமும் நூற்றாண்டுகளாகத் தவறாமல் வந்து போகின்றன. ஆண்டு தெரியாமல் ஒருவரை நினைக்க முடியாது என்பதே இல்லை. ஆயாவுக்கு மாசி மகம் இருக்கும்போது, ஆங்கிலத் தேதியைப் பற்றி ஏன் இவ்வளவு தவிக்க வேண்டும்?

செய்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னைப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரம் டர்பன் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் இருப்பது. அங்கே அதிகாலை இரண்டு மணிக்கு மகம் தொடங்கினால் இங்கே முந்தைய நாள் இரவு பத்தரை. நாள்காட்டியை அச்சிடும் முன் இதைக் கழித்துப் பாருங்கள். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பிந்தியதை எடுத்துக்கொள்வது வழக்கம்.

அன்று என்ன செய்யலாம் என்றால், ஆயா செய்ததையே செய்யுங்கள். பாயசம் வைத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றுங்கள். பெரியம்மாவையே முன்நின்று ஊற்றச் சொல்லுங்கள்.


பதில் 4
எழுதியவர்: போர்ட் லூயிஸ் வாசகர்

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். நேட்டாலுக்கு வந்த தமிழர்களில் சிலர் எங்கள் தீவிலிருந்து வந்தவர்கள். டிரான்ஸ்வாலில் காந்தியாரோடு சிறை சென்ற தம்பி நாயுடு இங்கே பிறந்தவர்தான். ஆகவே டர்பன் கப்பல் பட்டியலில் மூதாதையரைக் காணாதவர்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்களிடமும் பிறந்தநாள் இல்லை. எண்ணும் வயதும் ஊரும்தான். ஆனால் 1860களிலிருந்து குடியேறிகளை நிழற்படம் எடுத்திருக்கிறார்கள். எண் தெரிந்து, படமும் அழியாமல் இருந்தால், கொள்ளுத்தாத்தாவின் முகத்தையே பார்த்துவிடலாம். என் மனைவி வீட்டில் அப்படி ஒரு படம் கிடைத்தபோது, தேதியைப் பற்றிய பேச்சையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.


பதில் 5
எழுதியவர்: சாட்ஸ்வர்த் பேத்தி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயில் தொண்டர் ஐயா எழுதியதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஆழ்வாருக்குச் செய்வதை நம் ஆயாவுக்குச் செய்தால் என்ன குறை” என்று சொல்லிவிட்டு, பாயசத்துக்குச் சவ்வரிசியா சேமியாவா என்று அத்தைகளோடு பேசத் தொடங்கிவிட்டார். ஆயாவுக்கு மாசி மகம் என்று முடிவாயிற்று. வால்ட் காப்பிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கொள்ளுத்தாத்தாவைக் கப்பல் பட்டியலில் பெயரை வைத்துத் தேடியபோது, அதே பெயரில், வட ஆர்க்காடு ஜில்லா போளூர்த் தாலுகாவிலிருந்தே இரண்டு பேர் வந்திருப்பது தெரிகிறது. கப்பல் வேறு, ஆண்டு வேறு. தகப்பன் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கிராமத்தின் பெயரும் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கிறது. இவர்களில் எங்களவர் யார் என்று எப்படி அறிவது?


பதில் 6
எழுதியவர்: மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்

இருவரும் முதலில் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற பத்தியைப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா முதலில் வேலை செய்த தோட்டம் உங்களுக்குத் தெரிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இருவரில் ஒருவருக்கு மட்டும் பொருந்தினால் பெரும்பாலும் அவரே. இருவரும் ஒரே தோட்டத்துக்குப் போயிருந்தால், ஆயாவின் பிறப்புப் பதிவில் உள்ள எண் வரும்வரை காத்திருங்கள். ஆயாவின் அண்ணன் தம்பியர் திருமணப் பதிவிலும் தந்தையின் எண் இருக்க வாய்ப்பு உண்டு.

தகப்பன் பெயருக்கு உங்கள் குடும்பத்தின் பெயரிடும் வழக்கமே துணை செய்யும். மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவது நம் முன்னோர் வழக்கம் அல்லவா? கொள்ளுத்தாத்தாவின் மூத்த மகன் பெயர் என்ன என்று அத்தைகளிடம் கேளுங்கள். இரண்டு வரிகளில் ஒன்றில் அதே பெயர் தகப்பன் பெயராக இருந்தால் அது வலுவான சான்று.

கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஊர்க்காரர் சொன்னதைக் காதால் கேட்டு எழுத்தர் எழுதியது அது, கண்ணால் படிப்பதைவிடக் காதில் விழும்போதுதான் ஊர் தெரியும். போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. பழைய வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வரைபடத்தில் வேலூர்ப் பக்கம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டு வரிகளையும் இங்கே எழுதுங்கள், எல்லோருமாகச் சேர்ந்து படிப்போம். அதுவரை நாள்காட்டியில் கொள்ளுத்தாத்தாவின் பெயரை அச்சிட்டு, தேதிக்கான கட்டத்தை வெறுமையாகவே விட்டுவையுங்கள். எண் உறுதியானதும் அவர் வந்திறங்கிய நாளைக் கையால் எழுதிக்கொள்ளலாம்.